பாஸ் மீன் பிடிக்கப் போகும்போது லூர் பெட்டியில் என்ன வைப்பது?

பாஸ் மீன் பிடிக்கிறவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் லூர், அதாவது செயற்கை இரை பற்றிய பேச்சு ஓயாது. இந்த நிறம்தான் எடுக்கும் என்பார் ஒருவர். அந்தக் கம்பெனி லூர் இல்லாமல் போகவே போகாதே என்பார் இன்னொருவர். இதையெல்லாம் கேட்ட புதியவர் கடைக்குப் போய்க் கண்ணைப் பறிக்கிற நிறங்களில் ஒரு பெட்டி நிறைய வாங்கிவிடுகிறார். தண்ணீரில் போட்டுப் பார்த்தால் பெட்டியில் இருப்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஆழத்தில், ஒரே வேகத்தில் ஓடுகிற சாமான்கள். மீனோ இரண்டு மீட்டர் கீழே கிடக்கிறது.

'எது நல்ல லூர்?' என்ற கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. எந்த ஆழத்துக்கு, எவ்வளவு வேகத்தில், எந்தப் பாசியையும் கட்டையையும் தாண்டி என்று சேர்த்துக் கேட்டால்தான் அதற்கு ஒரு பதில் கிடைக்கும். நிறமும் பிராண்டும் அப்புறம்தான்.

எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம்

லூரை மரம், கெட்டி பிளாஸ்டிக், உலோகம், மெத்தென்ற பிளாஸ்டிக் என்று எதிலும் செய்வார்கள். பாஸ் என்று இங்கே சொல்வது வட அமெரிக்காவைச் சொந்த ஊராகக் கொண்ட நன்னீர் மீன்களை, முக்கியமாக லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் இரண்டையும். கொடுவாவையும் சீ பாஸ் என்பதுண்டு, அது வேறு குடும்பம்.

தூண்டில் விளையாட்டுக்காகவே லார்ஜ்மவுத்தைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஜப்பானின் ஆஷி ஏரிக்கு அது 1925-ல் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1932-ல் பிடிபட்ட மீன்தான் வெகுகாலம் உலக சாதனை. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட ஒன்று அதைச் சமன் செய்தது. இரண்டுமே பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நம் பயணத்தில் அரைக் கிலோ, ஒரு கிலோதான் பெரும்பாலும் வரும், அதை மனதில் வைத்தே சாமான் வாங்கலாம்.

லார்ஜ்மவுத்துக்கு நின்ற நீர், பாசி, மூழ்கிய மரம், நிழல் பிடிக்கும். ஸ்மால்மவுத்துக்குப் பாறை, சரளை, கொஞ்சம் குளிர்ந்த தெளிந்த நீர். போகிற இடத்தில் எது இருக்கிறது என்று தெரிந்தாலே பெட்டியில் பாதி முடிவாகிவிடும்.

பேருந்தும் நிறுத்தமும்

நிறுத்தத்தில் பேருந்துக்காக நிற்கிறோம். வருவது சிவப்பா பச்சையா, புதுசா பழசா என்று அப்போது பார்ப்பதில்லை. நம் நிறுத்தம் வழியாக வருகிறதா? ஏறுகிற அளவுக்கு மெதுவாகிறதா? நடுவில் எதிலாவது சிக்கி நின்றுவிடாமல் வந்து சேருமா? இவ்வளவுதான் நம் கவலை. அடுத்த தெருவில் எத்தனை அழகான பேருந்து ஓடினாலும் நமக்குப் பிரயோசனமில்லை.

பாஸ் அப்படி நிறுத்தத்தில் நிற்கிற ஆள். அது பதுங்கி வேட்டையாடும் மீன். நீரில் சுற்றிச்சுற்றி இரை தேடுவதைவிட, ஒரு கட்டையின் நிழலிலோ பாசியின் ஓரத்திலோ நின்று, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து பிடிப்பது அதற்குச் சிக்கனம். பாய்கிற தூரம் குறைவு. தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் குறைவு. ஆகவே லூர் எந்தப் பாதையில் போகிறது என்பதுதான் முதல் விஷயம்.

பிடிக்கிற விதமும் தெரிந்திருக்க வேண்டும். பாஸ் பற்களால் கடித்து இழுப்பதில்லை. வாயைச் சடாரென்று திறக்கும், உள்ளே அழுத்தம் குறையும், தண்ணீரும் இரையும் சேர்ந்து வாய்க்குள் போய்விடும். இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். லேசான, மெத்தென்ற இரை இந்த உறிஞ்சலில் சுலபமாக உள்ளே போகிறது. மெத்தென்ற பிளாஸ்டிக் புழு புதியவர்களுக்கு இவ்வளவு கைகொடுப்பதற்கு ஒரு காரணம் இது. 1949-ல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரனில் நிக் கிரீம் என்பவர் இந்தப் புழுவை உருவாக்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன, இந்தப் புழு மட்டும் பெட்டியை விட்டுப் போகவே இல்லை.

பாஸுக்கு லூர் வருவது எப்படித் தெரிகிறது

கண், காது, பக்கக்கோடு என்று மூன்று வழி. பக்கக்கோடு என்பது மீனின் செவுளுக்குப் பின்னாலிருந்து வால் வரை ஓடும் உணர்வுறுப்பு. பக்கத்தில் தண்ணீர் அசைவதை அது உணரும். கலங்கிய நீரில் மீன் இதை நம்பித்தான் இரையின் இருப்பிடத்தைக் குறிவைக்கிறது. தெளிந்த நீரில் கண்ணுக்குத்தான் முதல் இடம்.

ஆகவே சேறு கலங்கிய நீருக்குத் தண்ணீரை நன்றாக உலுக்குகிற லூர் வேண்டும். தெளிந்த நீருக்கு அமைதியாக, இயல்பாக நகர்கிற லூர் வேண்டும். பளபளத்துச் சத்தம் போட்டு ஓடுவதைத் தெளிந்த நீரில் மீன் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மீன் ஒளிந்து நிற்கிறது, கொஞ்ச தூரம்தான் பாயும், உறிஞ்சித்தான் பிடிக்கும், கண்ணாலும் அதிர்வாலும் இரையை அறியும். லூர்களின் எல்லா வடிவமும் இந்த நாலு விஷயத்தைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

ஆழம்: பெட்டியைப் பிரிக்கிற முதல் கோடு

லூர்களை மேல்நீர், நடுநீர், அடிநீர் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

மேல்நீர் லூர் மிதந்துகொண்டே ஓடும். குழிந்த வாயுள்ள பாப்பர் இழுக்கும்போது 'பளக்' என்று நீரைத் துப்பும். இழுத்துவிட்டு வளையங்கள் அடங்கும் வரை நிறுத்தி வைப்பதில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. உள்ளே காலியான தவளை லூர் இன்னொரு வகை. அதன் இரண்டு தூண்டில் முள்ளும் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும், அல்லி இலைகளின் மேல் சிக்காமல் வழுக்கிப் போகும். விடியற்காலை, அந்தி, மேகமூட்டம் இவை மேல்நீருக்கு நல்ல நேரம். தண்ணீர் சில்லென்றிருந்தால் மேலே வர மீனுக்கு மனசு வராது.

நடுநீரில் கிராங்க்பெய்ட், ஸ்பின்னர்பெய்ட், ஜெர்க்பெய்ட். கிராங்க்பெய்ட் என்பது வாயருகில் ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும் குண்டு மீன். இழுக்கும்போது தண்ணீர் அந்தத் தகட்டை அழுத்தி லூரைக் கீழே தள்ளுகிறது, உடம்பு இடமும் வலமும் ஆடுகிறது. தகடு சின்னதாகச் செங்குத்தாகத் தொங்கினால் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் போகும். நீளமாக, உடம்போடு நேர்கோட்டில் முன்னே நீண்டிருந்தால் நாலைந்து மீட்டர் வரை போகும். எவ்வளவு போகும் என்று அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள், ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். தூண்டில் நரம்பு தடித்தால் தண்ணீரின் எதிர்ப்பு கூடி ஆழம் குறையும். வீச்சு குட்டையாக இருந்தால் லூர் முழு ஆழத்தைத் தொடுவதற்குள் கரைக்கு வந்துவிடும்.

கிராங்க்பெய்ட்டைச் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதைவிட எதிலாவது முட்ட வைப்பது நல்லது. பாறையிலோ கட்டையிலோ இடித்து அது சட்டென்று திசை மாறுகிற அந்த நொடியில்தான் பல மீன்கள் பாய்கின்றன. முட்டியதும் சுற்றுவதை நிறுத்தினால், மிதக்கிற வகையாக இருந்தால், தானாகவே மேலே எழும்பிக் கழன்றுகொள்ளும்.

ஸ்பின்னர்பெய்ட் வளைந்த கம்பியில் செய்தது. ஒரு முனையில் முள், மறு முனையில் சுழலும் தகடு. மெலிந்த இலை வடிவத் தகடு வேகமாகச் சுழன்று மின்னும், தெளிந்த நீருக்கு ஏற்றது. உருண்டைத் தகடு மெதுவாகச் சுழன்று தண்ணீரைத் தட்டும், அந்த அதிர்வு ராட் (தூண்டில் கோல்) வழியாகக் கைக்குத் தெரியும். கலங்கிய நீருக்கு அதுதான். முள்ளுக்கு முன்னால் கம்பி போவதால் கட்டைகளுக்கு நடுவிலும் ஓரளவு தைரியமாக வீசலாம்.

ஜெர்க்பெய்ட் மெலிந்த மீன் வடிவம். சுண்டி இழுத்து நிறுத்தினால் மேலே எழாமல், கீழே மூழ்காமல் நின்ற இடத்திலேயே நிற்கிற வகை குளிர்ந்த தெளிந்த நீருக்கென்றே வந்தது மாதிரி இருக்கும்.

அடிநீரில் ஜிக்கும் மெத்தென்ற புழுவும். ஜிக் என்றால் முள்ளோடு சேர்த்து வார்த்த எடைத் தலை, அதற்கு ரப்பர் இழைகளால் ஒரு பாவாடை. தரையில் கிடந்து நகரும்போது கிரேஃபிஷ் (இறால் போன்ற நன்னீர் உயிரி) ஊர்வது போலத் தெரியும். பெரிய பாஸ்களுக்கு அது விருப்பமான தீனி.

ஒரு புழுவைக் கோக்கும் விதம்

எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு கிளம்பலாம் என்றால் டெக்ஸஸ் ரிக்கைச் சொல்வேன். ரிக் என்பது முள், எடை, இரை மூன்றையும் நரம்பில் கோக்கும் அமைப்பு.

முதலில் துப்பாக்கிக் குண்டு வடிவ எடையை நரம்பில் கோக்க வேண்டும், கூர்முனை ராட் பக்கம் பார்க்க. அப்புறம் கழுத்தில் ஒரு மடிப்புள்ள ஆஃப்செட் முள்ளைக் கட்ட வேண்டும். புழுவின் தலையில் நேராகக் குத்தி, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக உள்ளே விட்டு, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளின் மடிப்பு தலைக்குள் போகும் வரை இழுத்து, முள்ளை அரைச் சுற்றுத் திருப்புங்கள். இப்போது முள்முனை புழுவின் உடம்பைப் பார்த்து நிற்கும். அது எங்கே படுகிறது என்று நகத்தால் அடையாளம் வைத்து, அந்த இடத்தில் குத்தி முனையை மறுபக்கத் தோலுக்குச் சற்று உள்ளேயே மறைத்துவிடுங்கள். புழு நேராகக் கிடக்க வேண்டும். எங்காவது வளைந்தோ கூன் விழுந்தோ இருந்தால் கழற்றி மறுபடி கோக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

முனை மறைந்திருப்பதால் பாசிக்குள்ளும் கிளைகளுக்குள்ளும் சிக்காமல் போகும். மீன் வாய்க்குள் எடுத்ததும் ராடை ஓங்கி இழுத்தால் முள் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வாயில் ஏறும். இப்படிச் சிக்காத அமைப்புக்கு வீட்லெஸ் என்று பெயர்.

புழுவைப் போட்டபின் கவனம் நரம்பில் இருக்கட்டும். பெரும்பாலும் அது கீழே இறங்கும்போதுதான் மீன் எடுக்கும். பெரிய இழுவை ஒன்றும் இருக்காது. தளர்ந்து கிடக்கும் நரம்பு லேசாகத் துடிக்கும், அல்லது பக்கவாட்டில் மெல்ல நகரும், அல்லது தரையைத் தொட வேண்டிய நேரத்துக்கு முன்பே இறங்குவது நின்றுவிடும். இது மூன்றில் எதுவானாலும் தளர்வைச் சுற்றி எடுத்துவிட்டு இழுங்கள்.

வேகம்: தண்ணீரின் சூடு சொல்லும்

மீனின் உடல்சூடு தண்ணீரின் சூட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும். நீர் பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் செரிமானமும் மந்தம், பாய்ச்சலும் மந்தம். அப்போது ஓடுகிற லூரைத் துரத்த அதற்குத் தெம்பில்லை. ஜிக், சின்னப் புழு, நிறுத்தி நிறுத்தி இழுக்கும் ஜெர்க்பெய்ட் என்று மெதுவாக வேலை செய்பவை வேண்டும். பதினைந்து டிகிரியைத் தாண்டி ஏறும்போது லார்ஜ்மவுத் முட்டையிடக் கரையோர ஆழமில்லா நீருக்கு வரும். இருபதுக்கு மேலே எல்லாமே வேகம் பிடிக்கும். ஸ்பின்னர்பெய்ட், கிராங்க்பெய்ட், மேல்நீர் லூர் எல்லாவற்றுக்கும் வேலை வரும்.

நல்ல கோடையில் ஆழமான ஏரிகளில் இன்னொன்று நடக்கும். மேலே சூடான நீர், அடியில் குளிர்ந்த நீர் என்று இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். நடுவில் சூடு சட்டென்று இறங்கும் பட்டைக்குத் தெர்மோகிளைன் என்று பெயர். அதற்குக் கீழே பல ஏரிகளில் ஆக்சிஜன் குறைந்துபோகும், பாஸ் அங்கே தங்காது. பதினைந்து மீட்டர் ஆழமுள்ள ஏரி என்பதற்காக பதினைந்து மீட்டருக்கு இறங்குகிற சாமான் எடுத்துப் போக வேண்டியதில்லை.

சுருக்கம்: குளிர்ந்த நீருக்கு மெதுவானவை, சூடான நீருக்கு மெதுவானவை, வேகமானவை இரண்டும். எந்தக் காலத்துக்கும் பொருந்துவது மெதுவான லூர்தான், ஆகவே அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நிறத்துக்கு இவ்வளவு சண்டை தேவையா

தேவையில்லை என்பது என் கட்சி. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லார்ஜ்மவுத் பாஸ்களுக்குக் குறிப்பிட்ட நிறத்தைத் தேடிப் போகப் பழக்கி, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். சிவப்பையும் பச்சையையும் மீன் நன்றாகவே பிரித்தறிந்தது. ஆனால் எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும், நீலத்தையும் கறுப்பையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டது. கறுப்பு ஜிக்கா, கருநீல ஜிக்கா என்று நாம் அடித்துக்கொள்வது மீனின் காதுக்கு எட்டினால் சிரிக்கும்.

தண்ணீரும் நிறத்தை வடிகட்டுகிறது. தெளிந்த நீரில் ஆழம் போகப் போகச் சிவப்புதான் முதலில் மங்கும், சில மீட்டரில் கருத்துவிடும். கலங்கிய நீரில் எந்த நிறமானாலும் அருகில் வந்தால்தான் தெரியும், அங்கே இருட்டான உருவம் பளிச்சென்ற பின்னணியில் தெரிவதுதான் உதவும். ஆகவே புழுவிலும் ஜிக்கிலும் பச்சை-பழுப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. ஓடுகிற லூர்களில் வெள்ளி அல்லது வெள்ளை ஒன்று, எலுமிச்சை மஞ்சள் ஒன்று. போதும்.

சரி, பெட்டியில் என்ன போகிறது

கிளம்பும் முன் ராடின் கைப்பிடிக்கு மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எத்தனை கிராம் முதல் எத்தனை கிராம் வரையுள்ள லூரை வீசலாம் என்று அதில் இருக்கும். அவுன்ஸில் போட்டிருந்தால் கால் அவுன்ஸ் 7 கிராம், அரை அவுன்ஸ் 14 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த வரம்புக்குள் வராத லூர், எவ்வளவு பேர் புகழ்ந்தாலும் உங்களுக்கு வெறும் சுமை.

அப்புறம் போகிற இடத்தைப் பற்றி நாலு விஷயம் விசாரியுங்கள். எவ்வளவு ஆழம், தெளிவா கலங்கலா, பாசியா பாறையா, தண்ணீர் எவ்வளவு சூடு. ஆள் கிடைத்தால் இதைக் கேளுங்கள். 'எந்த லூர் எடுக்கிறது' என்று கேட்டால் அவரவர் ராசியான லூரைத்தான் சொல்வார்கள்.

ஒன்றுமே தெரியாத இடத்துக்கு என்றால் என் பெட்டியில் போவது இது: பன்னிரண்டு பதின்மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள, குச்சி போல் நேரான மெத்தென்ற புழு இரண்டு பாக்கெட், அதற்கு ஆஃப்செட் முள் ஒரு பாக்கெட், 5 கிராம், 7 கிராம், 10 கிராம் எடைகள். 10 கிராம் ஜிக் மூன்று. ஸ்பின்னர்பெய்ட் இரண்டு, தகடு வேறு வேறு. ஒன்றரை மீட்டர் போகும் கிராங்க்பெய்ட் இரண்டு, மூன்று மீட்டர் போவது ஒன்று. ஒரு பாப்பர். அல்லி இலை இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஒரு தவளை. ஒரே லூரில் இரண்டு வைத்திருப்பது வீண் என்று தோன்றும். நன்றாக மீன் எடுத்துக்கொண்டிருக்கும் லூர் கட்டையில் மாட்டி அறுந்து போகும்போது அந்த எண்ணம் மாறிவிடும்.

வெயில் காலத்தில் ஆழமில்லாத, பாசி மண்டிய குளத்துக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க்பெய்ட் எல்லாம் வெளியே போகலாம், அதன் மூன்று முனை முள் ஒவ்வொரு இழுப்பிலும் பாசியைத்தான் கொண்டுவரும். தவளை இரண்டு, புழு கூடுதலாக ஒரு பாக்கெட், தடித்த பின்னல் நரம்பு வேண்டும். அதே ஆள் குளிர் விடாத பருவத்தில் தெளிந்த பாறை நீர்த்தேக்கத்துக்குப் போனால் தவளையும் பாப்பரும் வீட்டிலேயே இருக்கட்டும். ஜெர்க்பெய்ட் இரண்டு, சின்ன ஜிக், மெல்லிய ஃப்ளூரோகார்பன் நரம்பு. இந்த நரம்பு மூழ்கும் வகை, நீருக்குள் அவ்வளவாகத் தெரியாது. மூழ்குவதாலேயே மேல்நீர் லூருக்கு ஆகாது, மூக்கைப் பிடித்துக் கீழே இழுத்துவிடும்.

அடுக்கும்போது

மூன்று முனை முள் உள்ள லூர்களை ஒரே அறையில் கொட்டாதீர்கள். ஒன்றை எடுத்தால் ஏழு சேர்ந்து வரும். மெத்தென்ற புழுக்களை வாங்கிய பாக்கெட்டிலேயே விட்டுவிடுங்கள், நிறம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறும். மிக நன்றாக இழுபடுகிற, மிதக்கிற ஒரு வகைப் பிளாஸ்டிக் இருக்கிறது, எலாஸ்டெக் என்ற பெயரில் விற்பது அந்த வகை. அதைச் சாதாரணப் புழுவோடு ஒட்ட வைத்தால் இரண்டும் உருகிப் பிசினாகிவிடும். விமானத்தில் போகிறவர்கள் முள்களையெல்லாம் உறையிட்டு, கையில் வைத்துக்கொள்ளாத பெட்டியில் போட்டுவிடுவது நிம்மதி.

எடை எதில் செய்தது என்பதையும் பாருங்கள். நீர்ப்பறவைகள் விழுங்கிச் சாவதால் ஈய எடைக்குச் சில இடங்களில் தடை இருக்கிறது. பிரிட்டனில் 1987 முதல் பெரும்பாலான அளவுகளுக்குத் தடை, அமெரிக்காவில் மேய்ன், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களிலும் கட்டுப்பாடு உண்டு. மாற்று டங்ஸ்டன். விலை கூடுதல், ஆனால் ஈயத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே எடை சின்ன அளவில் வரும், அடியில் இருப்பது கல்லா சேறா என்பது கைக்கு இன்னும் தெளிவாகத் தெரியும்.

மூக்கு நீண்ட குறடு ஒன்று பெட்டியின் மேல் அறையில், கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும். பயன்படுத்திய லூரை ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டால் ஒரே இரவில் பக்கத்து முள்ளிலும் துரு ஏறும். ஒரு பழைய துணியைத் தனியாக வைத்து, அன்றைய ஈர லூர்களை அதில் செருகிக் காயவிட்டு அப்புறம் உள்ளே வையுங்கள். அடுத்த நாள் வேறு ஏரிக்குப் போவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். முள்ளில் ஒட்டிய பாசித் துணுக்கும், கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சும் அப்படித்தான் ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு ஏறிப் போகின்றன.